தூளிக் கொக்கியில் தொங்கும் கேபிள்

சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தம்பி, தான் பயன்படுத்திய குவெஸ்ட் 2 என்ற விஆர் ஹெட்செட்டை (கண்ணை மறைத்து மாட்டிக்கொண்டு, விளையாட்டுக்குள்ளேயே நிற்பது போல ஆடும் கருவி) எங்கள் பையனுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். பையன் ஒன்பதாம் வகுப்பு. கம்ப்யூட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது: ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம். ஹெட்செட்டை அதோடு இணைக்கும் கேபிளைச் சொருகினால் அன்று சாயங்காலமே விளையாடலாம் என்றுதான் நினைத்தோம். கம்ப்யூட்டர் வேலை உண்மையிலேயே ஒரு மணி நேரத்தில் முடிந்தது. சென்னை பெரம்பூரில் இரண்டாவது மாடியில் இருக்கிற எங்கள் ஹாலை அதற்குத் தயார் செய்யத்தான் மூன்று வாரம் ஆனது. மின்விசிறி, கண்ணாடி பதித்த பீரோ, சாமி மாடத்து சீரியல் பல்பு, மேற்கு வெயில் என்று நம் வீடுகளில் சகஜமாக இருக்கும் ஒவ்வொன்றும் இந்தக் கருவியோடு ஏதோ ஒரு விதத்தில் மோதுகிறது. அதையெல்லாம் எழுதி வைத்தால் இன்னொருவருக்கு அந்த மூன்று வாரம் மிச்சமாகும்.

முதலில் கம்ப்யூட்டர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தம்பி தன் கணக்கிலிருந்து ஹெட்செட்டை நீக்கி, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துத்தான் கொடுத்தான். பழைய ஹெட்செட் வாங்குகிறவர்கள் விற்பவர் எதிரில் இருக்கும்போதே இதைச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பிசியில் ஹெட்செட்டைப் பிசியோடு இணைக்கும் மெட்டா குவெஸ்ட் லிங்க், விளையாட்டுகளை வாங்கும் ஸ்டீம், அவற்றை ஹெட்செட்டில் ஓட்டும் ஸ்டீம்விஆர் மூன்றையும் இன்ஸ்டால் செய்தேன். லிங்க் செட்டிங்ஸில் 'அன்நோன் சோர்சஸ்' என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்தால்தான் ஸ்டீமில் உள்ள விளையாட்டுகள் ஹெட்செட்டுக்கு வரும். கார்டு போதுமா என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஓர் அளவுகோல்: 2020ல் வந்த ஹாஃப் லைஃப் அலிக்ஸ் என்ற விளையாட்டு, குறைந்தபட்சம் 6 ஜிபி வீடியோ மெமரியும் 12 ஜிபி ராமும் கேட்கிறது. அதற்கு மேலே இருந்தால் தைரியமாக இறங்கலாம்.

செட்டிங்ஸில் நான் நிறைய நேரம் செலவிட்டது ஒரே இடத்தில்தான். 72 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 72 படம் என்ற வேகத்தில், ஒரு படத்தை வரைந்து முடிக்க கார்டுக்கு 13.9 மில்லி செகண்ட் கிடைக்கிறது. 90 ஹெர்ட்ஸில் 11.1 மட்டுமே. 90ல் வைத்தபோது, கார் ரேஸில் மழை பிடித்தால் கார்டு திணறியது. படம் நேரத்துக்கு வராவிட்டால் லிங்க் பாதி வேகத்துக்கு, அதாவது 45க்கு இறங்கி, விடுபட்ட படங்களைத் தானே ஊகித்து நடுவில் நிரப்பும். அப்போது ஸ்டியரிங் விளிம்பு தண்ணீருக்குள் தெரிவது போல நெளியும். பார்த்த சில நிமிடங்களில் வயிற்றைப் பிசையும். தடுமாறுகிற 90ஐ விட நிலையான 72 எவ்வளவோ மேல். இன்றுவரை 72ல்தான் ஓடுகிறது.

இனி வீடு. ஹால் 10 அடிக்கு 16 அடி. நடந்து விளையாட 2 மீட்டருக்கு 2 மீட்டர் காலி இடம் நல்லது என்கிறார்கள். ஸோபாவை வாசல் பக்கம் தள்ளினால் பால்கனிப் பக்கம் அந்த இடம் கிடைத்தது போலத்தான் இருந்தது. பையன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கையில் பிடிக்கும் கன்ட்ரோலரால் தரையில் எல்லைக்கோடு வரைந்து, இரண்டு கையையும் மேலே தூக்கினான். அவன் அம்மா சமையலறை வாசலிலிருந்து, "டேய், ஃபேன்!" என்று கத்தினாள். நல்லவேளை, எட்டவில்லை.

அன்று அப்படியே நிறுத்திவிட்டு அளந்து பார்த்தேன். தரையிலிருந்து ஃபேன் றெக்கை வரை 7 அடி 11 அங்குலம். கன்ட்ரோலரோடு நான் கையை முழுக்கத் தூக்கினால் 7 அடி 7 அங்குலம். இடைவெளி வெறும் நான்கு அங்குலம். குதிகாலை எக்கினாலே போதும். ஹெட்செட் காட்டும் எல்லை, தரையில் நாம் வரைந்த கோட்டிலிருந்து சுவர் போல எழும்பி நிற்கும். அந்தக் கோட்டைத் தாண்டப் போனால் எச்சரிக்கும். தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இதைப் படிக்கிற யாராவது இன்று ஹெட்செட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கப் போகிறீர்கள் என்றால், வேறு எதைச் செய்வதற்கும் முன் அந்த அளவை எடுத்துவிடுங்கள். ஃபேனை நிறுத்தினால் மட்டும் போதாது. நிற்கிற றெக்கையில் அடித்தாலும் விரல் பெயரும், றெக்கையும் வளையும்.

நாங்கள் செய்தது இது. நூலில் ஒரு நட்டைக் கட்டி றெக்கை நுனியிலிருந்து தொங்கவிட்டேன். ஃபேனைக் கையால் மெதுவாகச் சுற்றச் சுற்ற, நட்டு தரையில் காட்டிய இடத்திலெல்லாம் என் அம்மா கோலமாவால் புள்ளி வைத்தார். புள்ளிகளைச் சேர்த்தபோது நாலடிக்கும் சற்றுக் கூடுதலாக ஒரு வட்டம் வந்தது. ஃபேனுக்கு நேர் கீழே அதன் நிழலை வரைந்து வைத்தது போல. அந்த வட்டத்தைத் தொடாமல், பால்கனிச் சுவரிலிருந்தும் ஒரு அடி விட்டு, மிச்சமிருந்த 5 அடிக்கு 7 அடியை எல்லையாக வரைந்தோம். சொன்ன 2 மீட்டர் ஒரு பக்கம் குறைந்துதான் போனது. பீட் சேபர் மாதிரி நின்ற இடத்தில் கையை வீசுகிற விளையாட்டுகளுக்கு அது தாராளம். விளையாடும் நேரத்தில் ஃபேன் சுவிட்சின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுகிறோம், வெளியிலிருந்து வருகிற யாரும் பழக்கத்தில் தட்டிவிடக் கூடாதென்று.

அடுத்தது கேபிள். இதில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

போன் சார்ஜரோடு வந்த சி டைப் கேபிளில்தான் தொடங்கினோம். படம் வந்தது. தலையைத் திருப்பினால் புல்வெளியும் மரங்களும் கட்டம் கட்டமாக உடைந்தன. லிங்க் செயலியிலேயே கேபிளைச் சோதிக்கும் வசதி உண்டு. அதில் முந்நூற்றுச் சொச்சம் எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) என்று காட்டியது. யுஎஸ்பி 2 கேபிளுக்கு அவ்வளவுதான் வரும். அதன் உச்ச வரம்பே 480. யுஎஸ்பி 3 கேபிளாக இருந்தால் 5 ஜிபிபிஎஸ், அதாவது 5,000 எம்பிபிஎஸ் வரை போக வழி உண்டு.

சனிக்கிழமை பெரம்பூரில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கடையில் 3 மீட்டர் கேபிள் ஒன்றைக் காட்டி, "உள்ள ப்ளூ கலர் இருக்கு பாருங்க சார், த்ரீ பாயின்ட் ஓ" என்றார் கடைக்காரர். கேபிள் முனைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு நீல நிறத்தில்தான் இருந்தது. வாங்கி வந்து சோதித்தால் அதே முந்நூறு. ராத்திரி உட்கார்ந்து, போன் டார்ச்சைப் பிடித்து அந்த முனைக்குள் பார்த்தேன். நீல பிளாஸ்டிக்கின் மேல் நீளமான நான்கு பித்தளைப் பட்டைகள். அவ்வளவுதான். வீட்டிலிருந்த ஹார்ட் டிஸ்க் கேபிளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அதில் முன்வரிசையில் அதே நான்கு. அவற்றுக்குப் பின்னால், உள்ளே தள்ளி, பொட்டு பொட்டாக இன்னும் ஐந்து. ஆக மொத்தம் ஒன்பது. அந்தப் பின்வரிசை ஐந்தில்தான் யுஎஸ்பி 3இன் வேகம் ஓடுகிறது. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் எந்த நிறத்தில் இருந்தாலும் அது யுஎஸ்பி 2தான்.

அடுத்த சனிக்கிழமை போனபோது கடையிலேயே டார்ச்சடித்து எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். இந்தமுறை 5 மீட்டர். யுஎஸ்பி 3 சிக்னல் சாதாரணச் செம்புக் கம்பியில் 3 மீட்டருக்கு மேல் போனால் தேய்ந்துவிடும். அதற்கு மேல் நீளம் வேண்டுமானால், வழியில் சிக்னலைத் தூக்கிவிடுகிற சிப் வைத்த ஆக்டிவ் கேபிளோ, ஆப்டிகல் ஃபைபர் கேபிளோதான் வேண்டும். நான் வாங்கியது சிப் வைத்தது. பிசி பக்கத்து முனையில் சார்ஜர் சொருக ஒரு தனி சாக்கெட்டும் இருக்கிறது. அந்த சாக்கெட் இருப்பதைப் பார்த்து வாங்குவது முக்கியம். சாதாரண யுஎஸ்பி 3 போர்ட் தருவது 900 மில்லி ஆம்பியர், அதாவது 4.5 வாட். ஹெட்செட் குடிப்பது அதைவிட அதிகம். கேபிள் சொருகியே இருந்தாலும் பேட்டரி இறங்கிக்கொண்டே வரும். பக்கவாட்டு சாக்கெட்டில் போன் சார்ஜரைச் சொருகிய பிறகு அந்தப் பிரச்சினை இல்லை.

புதுக் கேபிள் 2 ஜிபிபிஎஸ்ஸைத் தாண்டிக் காட்டியது. ஆனாலும் அரை மணிக்கு ஒருமுறை இணைப்பு அறுந்தது. கேபினெட்டின் முன்பக்க போர்ட்டிலிருந்து கழற்றி, மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்க போர்ட்டுக்கு மாற்றினேன், குறைந்தது. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை நிறுத்தினேன், முழுதாக நின்றது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விண்டோஸ் அவ்வப்போது போர்ட்டைத் தூங்க வைக்கப் பார்க்கும். லேப்டாப்புக்கு அது நல்லதுதான், இந்த வேலைக்கு ஆகாது.

இப்போது கால். கேபிள் தரையில் கிடந்தால் இரண்டு சுற்றுக்குள் கணுக்காலில் சுருண்டுகொள்கிறது. கண்ணை மூடிக்கொண்டிருப்பவன் காலில் கயிறு மாட்டினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலேயிருந்து தொங்கவிடுவதுதான் வழி. கூரையில் எங்கே துளை போடலாம் என்று நான் அண்ணாந்து தேடிக்கொண்டிருந்தபோது, அம்மா சாதாரணமாகக் கேட்டார்: "அதான் இவனுக்குத் தூளி கட்டின கொக்கி இருக்கேடா?"

இருந்தது. பால்கனிப் பக்கம், நாங்கள் வரைந்த எல்லைக்கு நேர் மேலே. வெள்ளையடித்து வெள்ளையடித்துச் சுவர் நிறத்துக்கே மாறியிருந்ததால் கண்ணில் படாமல் போயிருக்கிறது. எட்டு மாதம் வரை பையன் அதில்தான் தூங்கினான். தூளியைத் தாங்கிய இரும்புக் கொக்கிக்கு ஒரு கேபிள் பாரமே இல்லை.

கொக்கியில், துணி காயப்போடும் தொங்குகொடிக்குப் போடுகிற சின்னக் கப்பி ஒன்றை மாட்டினேன். பைக் பின்சீட்டில் சாமான் கட்டும் எலாஸ்டிக் கயிற்றை அதன் வழியாக விட்டு, கீழ் முனையில் கேபிளை வெல்க்ரோ பட்டையால் கட்டினேன். நேராக நின்றால் கேபிள் தலைக்கு மேலே நிற்கும். குனிந்தால் கயிறு நீண்டுகொடுக்கும். கட்டுகிற இடத்தில் கேபிளைக் கூர்மையாக மடிக்கக் கூடாது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள். கடைசி ஓர் அடியை ஹெட்செட்டின் பட்டையோடு சேர்த்துக் கிளிப் போட்டிருக்கிறேன். இழுத்தால் பட்டை இழுபடும், இடது பக்கத்து போர்ட் தப்பிக்கும். பிசியிலிருந்து கேபிள் சுவரோரமாக மேலேறி, ஃபேன் இருக்கும் பக்கமே போகாமல் கொக்கிக்கு வருகிறது. இந்தப் பாதைக்கு 5 மீட்டர் சரியாகப் போதும், ஒரு சாண்கூட மிச்சமில்லை.

வயர்லெஸ்ஸும் முயன்றோம். பிசி வைஃபையில் இருந்தவரை சரிப்படவில்லை, படம் காற்றில் இரண்டு முறை தாவ வேண்டியிருக்கிறது. பிசியை லேன் வயரால் ரூட்டரோடு இணைத்து, ரூட்டரை ஹாலுக்கே கொண்டுவந்து, ஹெட்செட்டை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்த பிறகு தேவலை. சேனல் 36க்கும் 48க்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு மேலே உள்ள சில சேனல்கள் ரேடாரோடு பகிர்ந்துகொள்பவை. ரேடார் சிக்னல் தட்டுப்பட்டால் ரூட்டர் சேனலை விட்டு விலகும், விளையாட்டு நடுவில் நிற்கும். நின்று ஆடுகிற விளையாட்டுக்கு இப்போது வயர்லெஸ் ஒத்துவருகிறது. கார் ரேஸுக்குக் கேபிள்தான்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். இந்த ஹெட்செட் நான்கு கேமராக்களால் அறையைப் பார்த்துத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. கன்ட்ரோலரின் வளையத்தில் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. கேமரா அந்தப் புள்ளிகளைத் தேடும். எங்கள் வீட்டில், விளையாட்டுக்குள் தெரியும் வலது கை மட்டும் அடிக்கடி தானாக ஓடிப்போய் மூலையில் நின்றது. கன்ட்ரோலர் பேட்டரியை மாற்றினேன், பலனில்லை. பையன்தான் கவனித்தான். வலது பக்கம் சாமி மாடம், அதைச் சுற்றி அம்மா போட்ட சீரியல் பல்பு. மின்னுகிற சின்னச் சின்னப் புள்ளிகளைக் கேமரா கன்ட்ரோலரின் புள்ளிகள் என்று எண்ணிவிடுகிறது. அணைத்ததும் கை கையோடு வந்து நின்றது. பீரோவில் பதித்த ஆளுயரக் கண்ணாடியிலும் இதே வகைச் சிக்கல்: கண்ணாடிக்குள் இன்னோர் அறையும் இன்னொரு ஜோடிக் கன்ட்ரோலரும் தெரிகின்றன. விளையாடும்போது அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டுவிடுகிறோம்.

ராத்திரியில் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் லேசாக நடுங்கினால் ஹெட்செட்டின் டிராக்கிங் ஃப்ரீக்வென்சியைப் பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட பழைய டியூப்லைட் நொடிக்கு 100 தரம் மங்கிப் பளிச்சிடும். கேமரா அதற்கு ஒத்திசைவாகப் படம் எடுக்க வேண்டும். எங்களுடையதில் 60 என்று இருந்ததை 50க்கு மாற்றினேன், நடுக்கம் நின்றது.

இத்தனையும் சரியான பிறகும் எனக்குக் கார் ரேஸில் பத்தாவது நிமிடம் தலை சுற்றியது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் போகும்போது வருவதும் இதுவும் ஒரே இனம். பஸ்ஸில் உடம்பு ஆடுவதை உள்காது சொல்கிறது, பஸ்ஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண் ஆட்டமில்லை என்கிறது. இங்கே தலைகீழ்: கண் பறக்கிறது, காது உட்கார்ந்திருக்கிறாய் என்கிறது. பொறுத்துக்கொண்டு தொடர்ந்தால் பழகிவிடும் என்று நினைத்து ஒருநாள் இருபது நிமிடம் ஓட்டினேன். அன்று ராத்திரி சாப்பிட முடியவில்லை. அதற்குப் பிறகு விதியை மாற்றினேன். கழுத்தில் வியர்வை துளிர்த்து வாயில் எச்சில் ஊறத் தொடங்கும் அந்த முதல் அறிகுறியிலேயே கழற்றிவிட வேண்டும். ஐந்து நிமிடம், ஏழு நிமிடம், பத்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போய் இப்போது நாற்பது நிமிடம் ஓட்டுகிறேன்.

உதவியவை இரண்டு. ஒன்று, கண்மணிகளுக்கு இடையிலான தூரம். கண்ணாடிக் கடையில் அளந்தபோது எனக்கு 64 மில்லிமீட்டர், பையனுக்கு 59. குவெஸ்ட் 2இல் லென்ஸை 58, 63, 68 என்ற மூன்று நிலைகளில் வைக்கலாம். அவன் ஆடிவிட்டு வைத்த 58லேயே நானும் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது கை மாறும்போதெல்லாம் லென்ஸையும் மாற்றுகிறோம்.

இன்னொன்று டேபிள் ஃபேன். சீலிங் ஃபேன் ஓடாததால் வேர்த்து லென்ஸில் ஆவி படிந்தது. அதற்காகத்தான் டிவி பக்கம் டேபிள் ஃபேனை வைத்து, அசையாமல் ஒரே திசையில் வீசவிட்டேன். ஆவியும் போனது, தலைசுற்றலும் குறைந்தது. எதிர்பாராத இன்னொரு லாபமும் இருந்தது. காற்று முகத்தில் பட்டால் டிவியைப் பார்த்து நிற்கிறேன், இடது கன்னத்தில் பட்டால் பால்கனிப் பக்கம் திரும்பியிருக்கிறேன். ஹெட்செட்டுக்குள் எத்தனை தரம் சுழன்றாலும் வீட்டின் திசை தவறுவதில்லை, கேபிளும் முறுக்கிக்கொள்வதில்லை. கோரைப் பாய் விரித்து அதன் விளிம்பைக் காலால் உணரவும் முயன்றோம். மொசைக் தரையில் பாய் வழுக்கியது. உடனே எடுத்துவிட்டு, அடியில் ரப்பர் பிடிப்புள்ள சின்ன மிதியடியை நடுவில் போட்டோம். வெறுங்காலால் அது தட்டுப்படுகிறவரை நடுவில்தான் இருக்கிறோம் என்று அர்த்தம்.

ஒருநாள் ராத்திரி பையன் ஆடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. பிசி உடனே அணைந்தது. ஹெட்செட்டுக்குச் சொந்த பேட்டரி இருப்பதால் அது அணையவில்லை. ஆனால் அறை இருட்டிவிட்டதால் கேமராவுக்கு ஒன்றும் தெரியாமல், உள்ளே எல்லாம் மிதக்கத் தொடங்கிவிட்டது. "அப்பா, நான் எங்க இருக்கேன்னு தெரியலப்பா" என்று கத்தினான். "அசையாத, அப்படியே தரையில உக்காரு" என்று சொல்லிவிட்டு டார்ச்சோடு போய்க் கழற்றினேன். இப்போது எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்: திடீரென்று எது மாறினாலும் முதலில் உட்கார், பிறகு கழற்று. ஹால் டியூப்லைட்டையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிட்டோம்.

கடைசியாக வெயில். மேற்குப் பார்த்த பால்கனி. நாலு மணிக்கு மேல் வெயில் ஸோபா வரை வரும். ஹெட்செட் லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி. கண் வைக்கிற பக்கத்தில் வெயில் நேராக விழுந்தால் உள்ளே இருக்கும் திரையில் ஒரு புள்ளியில் குவிந்து கருக்கிவிடும். அதற்கு அதிக நேரம் தேவையில்லை, சரிசெய்யவும் முடியாது. என் மனைவி பழைய பருத்தி வேட்டியை இரட்டையாக மடித்து, இழுத்துக் கட்டும் நாடாவோடு ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். சென்னை ஈரக்காற்றுக்காக அதற்குள் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம். லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடைக்கிறோம். ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் படக்கூடாது, லென்ஸின் மேல்பூச்சு போய்விடும்.

சீரியல் பல்பைப் பற்றி அம்மாவிடம் சொல்லத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. பையன் நேராகவே கேட்டுவிட்டான். "அரை மணி நேரம் அணைச்சுக்கறேன் பாட்டி, முடிச்சதும் நானே போட்டுடறேன்." அம்மா யோசித்துவிட்டு, "விளக்கேத்தற நேரத்துல மட்டும் வேண்டாம்" என்றார். அதனால் ஆட்டம் ஏழு மணிக்கு மேல்தான். முடிந்ததும் ஹெட்செட் உறைக்குள் போகும், பீரோ மேலிருக்கும் போர்வை மடிபடும். சீரியல் பல்பைப் போட்ட பிறகுதான் அவன் ஃபேன் சுவிட்சில் ஒட்டிய டேப்பை உரிக்கிறான்.